ஒரு கண்மாய்க்கு எந்த வரைபடம்? ஃபஸி காரண வரைபடமும் அதற்கு மாற்றான மூன்றும்

மதுரைக்குக் கிழக்கே ஒரு சின்னக் கண்மாய். ஆயக்கட்டு, அதாவது பாசனம் பெறும் நிலம், சுமார் 40 ஹெக்டேர், நீர்ப்பரப்பு 20 ஹெக்டேர். மராமத்துக்குக் கொஞ்சம் பணம் கிடைத்தது. அதை எதில் போடுவது என்று பாசனக்காரர்கள் கூடிப் பேசினார்கள். உள்வாயில் மண் அள்ள வேண்டும் என்றார் ஒருவர். வரத்துக்கால் தூர்ந்து கிடக்கும்போது உள்ளே ஆழப்படுத்தி என்ன பயன் என்றார் இன்னொருவர். சீமைக்கருவேலை வேரோடு எடுத்தால் போதும் என்று ஒரு கட்சி. போர்வெல் வந்த பிறகு யார் கண்மாய் வேலைக்கு வருகிறார்கள், முதலில் ஆளைச் சேருங்கள் என்று ஒரு கட்சி.

எல்லோர் பேச்சிலும் உண்மை இருந்தது. அதுதான் சிக்கல். கண்மாயில் தண்ணீர் குறைந்தால் ஆட்கள் போர்வெல்லை நம்புவார்கள். போர்வெல் இருப்பவர் வரத்துக்கால் வெட்ட வரமாட்டார். வரத்துக்கால் தூர்ந்தால் கண்மாய்க்கு இன்னும் தண்ணீர் குறையும். காரணம் விளைவாகி, விளைவு திரும்பக் காரணமாகிச் சுற்றி வருகிறது. இப்படிப்பட்ட சுற்றை வாயால் பேசித் தீர்க்க முடியாது. எங்காவது வரைந்துதான் ஆக வேண்டும்.

எதைக் கொண்டு வரைவது என்பதுதான் இந்தக் கட்டுரை. என் முன்னே நான்கு வழிகள் இருந்தன. கூட்டல் கழித்தல் குறி மட்டும் போட்ட அம்பு வரைபடம், ஃபஸி காரண வரைபடம், பேய்சியன் நெட்வொர்க், சிஸ்டம் டைனமிக்ஸ். நான்கையும் ஒரே கண்மாயின் மேல் வைத்துப் பார்த்ததைச் சொல்கிறேன். அரசுப் பள்ளிச் சத்துணவோ, கடலோர மீன்பிடியோ, ஒரு நகரத்தின் குப்பையோ, உங்கள் பிரச்சினை எதுவாக இருந்தாலும் தேர்வு இதே மாதிரிதான் வரும்.

குறி மட்டும் போட்ட வரைபடம்

இது எளியது, வேகமானது. ஒரு சார்ட் பேப்பர், இரண்டு நிறத்தில் ஸ்கெட்ச் பேனா. ஒவ்வொரு விஷயத்துக்கும் ஒரு வட்டம். 'இது கூடினால் அது கூடும்' என்றால் கூட்டல் அம்பு, 'இது கூடினால் அது குறையும்' என்றால் கழித்தல் அம்பு. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் ஆக்செல்ராட் 1976-ல் அரசியல் தலைவர்கள் எப்படிக் காரணம் கோத்து முடிவெடுக்கிறார்கள் என்று பார்க்க இந்த வகை வரைபடங்களைத்தான் பயன்படுத்தினார். அரைநாளில் ஒரு ஊரின் நினைப்பு முழுவதையும் காகிதத்தில் இறக்கிவிடலாம்.

ஆனால் ஒரு இடத்தில் இது கை விரித்துவிடும். கண்மாயை ஆழமாகத் தோண்டினால் கொள்ளளவு கூடும், அது கூட்டல். கூடவே அடியில் படிந்திருக்கும் களிப்படுகையும் போய்விட்டால் தண்ணீர் வேகமாகக் கீழே இறங்கும். கிணறுகளுக்கு அது நல்லது, கண்மாயில் தண்ணீர் நிற்பதற்குக் கெட்டது. ஆக, தோண்டுவதிலிருந்து கண்மாய் நீருக்கு இரண்டு பாதைகள், ஒன்று கூட்டல், ஒன்று கழித்தல். எது ஜெயிக்கும்? குறி மட்டும் இருந்தால் பதில் கிடையாது. பாதைகள் பெருகப் பெருக இப்படித் தடுமாறும் இடங்களும் பெருகும். பத்து வட்டங்களைத் தாண்டினாலே, படம் அழகாக இருக்குமே தவிர, எதையும் முடிவு செய்ய உதவாது.

அம்புக்கு எடை கொடுத்தால்

இந்தத் தடுமாற்றத்தைத் தீர்க்கத்தான் பார்ட் காஸ்கோ 1986-ல் ஃபஸி காரண வரைபடத்தை முன்வைத்தார். குறியோடு நிறுத்தாமல், ஒவ்வொரு அம்புக்கும் −1-க்கும் 1-க்கும் இடையே ஒரு எடை கொடுங்கள் என்றார். 'ஃபஸி லாஜிக்' என்ற பெயர் நம்மில் பலருக்கு வாஷிங் மெஷின் ஸ்டிக்கர் வழியாக அறிமுகம். அதற்கு வேர் 1965-ல் லோட்ஃபி ஜாடே எழுதிய ஆய்வுக் கட்டுரை. ஒன்று 'உண்டு' அல்லது 'இல்லை' என்று மட்டுமே இருக்க வேண்டியதில்லை, 'ஓரளவு உண்டு' என்பதற்கும் கணக்கில் இடம் உண்டு என்பது அதன் சாரம்.

நம் ஊர்ப் பேச்சுக்கு இது அப்படியே பொருந்துகிறது. யாரும் "கண்மாய் நிறைந்தால் கிணறு 70 விழுக்காடு ஏறும்" என்று சொல்வதில்லை. "லேசா ஏறும்", "ஓரளவு ஏறும்", "நல்லா ஏறும்" என்பார்கள். லேசா என்றால் 0.3, ஓரளவு என்றால் 0.5, நல்லா என்றால் 0.7 என்று கூட்டத்திலேயே பேசி வைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு சொல் விழுந்தால் நடுவில் ஒரு எண். ஃபஸி என்ற பெயர் இந்த இடத்தில்தான் உண்மையாக வேலை செய்கிறது. அதற்குப் பிறகு நடப்பது சாதாரணப் பெருக்கலும் கூட்டலும்தான். பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எக்செல் ஷீட் போதும். இணையத்தில் மெண்டல் மாடலர் என்ற மென்பொருள் இருக்கிறது. அதில் வட்டம் போட்டு, அம்பு இழுத்து, எடையை நகர்த்தி வைத்தால் கணக்கை அதுவே செய்துவிடும்.

கணக்கு எப்படி நடக்கிறது என்று ஒருமுறை கிட்டப் போய்ப் பார்ப்போம். எங்கள் கண்மாய்ப் படத்தை ஐந்து வட்டங்களாகச் சுருக்கினேன்: தூர்வாருதல், கண்மாய் நீர், கிணற்று மட்டம், போர்வெல், ஊர்ப் பராமரிப்பு. அம்புகள் இவை. தூர்வாருதலிலிருந்து கண்மாய் நீருக்கு 0.5. பராமரிப்பிலிருந்து கண்மாய் நீருக்கு 0.6. கண்மாய் நீரிலிருந்து கிணற்று மட்டத்துக்கு 0.7. போர்வெல்லிலிருந்து கிணற்று மட்டத்துக்கு −0.6. கண்மாய் நீரிலிருந்து போர்வெல்லுக்கு −0.4. போர்வெல்லிலிருந்து பராமரிப்புக்கு −0.5. இந்த ஆறிலும் பெரிய சண்டை இல்லை. ஏழாவது அம்பில்தான் சண்டை வந்தது, அதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன்.

தூர்வாருதலை 1 என்று வைத்து அப்படியே பிடித்துக்கொள்கிறோம். மற்றவை 0-வில் தொடங்கும். ஒவ்வொரு சுற்றிலும், ஒரு வட்டத்துக்குள் வரும் அம்புகளை எல்லாம் பார்த்து, 'அனுப்பும் வட்டத்தின் மதிப்பு பெருக்கல் எடை' என்று கூட்டி, வரும் தொகையை −1-க்கும் 1-க்கும் உள்ளே அடங்கும்படி ஒரு சார்பில் போட்டு அமுக்குகிறோம். நான் எடுத்துக்கொண்டது டான்ஹெச் சார்பு. முதல் சுற்றில் கண்மாய் நீர் 0.46 ஆகிறது. அடுத்த சுற்றில் கிணற்று மட்டம் 0.31 ஏறுகிறது, போர்வெல் 0.18 இறங்குகிறது. அதற்கடுத்த சுற்றில், போர்வெல் இறங்கியதால் பராமரிப்பு 0.09 ஏறுகிறது. அது மறுபடி கண்மாய் நீரை ஏற்றுகிறது. இப்படியே ஓடி எண்கள் எல்லாம் ஓரிடத்தில் வந்து நின்றுவிடும். சில வரைபடங்கள் நிற்காமல் ஒரே வரிசையைத் திரும்பத் திரும்பச் சுற்றிக்கொண்டும் இருக்கும். அதுவும் ஒரு செய்திதான். உங்கள் அமைப்புக்குள் ஓர் ஊசலாட்டம் இருக்கிறது என்று அர்த்தம்.

சரி, ஏழாவது அம்பு. கிணற்று மட்டம் ஏறினால் போர்வெல் கூடுமா, குறையுமா?

நீர்பாய்ச்சி வேலை பார்த்த பெரியவர் சொன்னார்: "கெணத்துல தண்ணி கெடந்தா எவன் போரு போடுவான்? வத்துனாத்தானே போடுவான்." அது கழித்தல் அம்பு. எதிரே உட்கார்ந்திருந்த போர்வெல்காரர் விடவில்லை. "இல்ல பெரியப்பா, தண்ணி கெடந்தாத்தான் மோட்டார் ஓடுது. கரண்டு காசா கேக்குது? தண்ணி இருந்தா இன்னொரு வயலும் நடத்தான் செய்வாக." அது கூட்டல் அம்பு. இருவரும் 'நல்லா' என்ற அளவுக்குக் கொஞ்சம் கீழே, 0.6 என்று ஒப்புக்கொண்டார்கள். குறியில் மட்டும் ஒத்துவரவில்லை.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். பெரியவர் சொன்னபடி −0.6 என்று வைத்தால், தூர்வாரிய பிறகு கிணற்று மட்டம் 0.62-ல் நிற்கிறது, போர்வெல் −0.54-க்கு இறங்குகிறது, பராமரிப்பு 0.26 ஏறுகிறது. போர்வெல்காரர் சொன்னபடி 0.6 என்று வைத்தால் கிணற்று மட்டம் 0.31-ல் நின்றுவிடுகிறது. போர்வெல்லும் பராமரிப்பும் பூஜ்யத்தை விட்டு அசையவே இல்லை. செய்த வேலை அதே வேலை, செலவான பணம் அதே பணம். ஒரே ஒரு அம்பின் குறி மாறியதில் கிணறுகளுக்குக் கிடைக்கும் பலன் வெகுவாகக் குறைந்துவிட்டது. இந்த ஊரில் எந்தக் கேள்விக்கு முதலில் பதில் தேட வேண்டும் என்பதை மற்ற மூன்று முறைகளில் எதுவும் இவ்வளவு மலிவாக, இவ்வளவு சீக்கிரம் எனக்குக் காட்டியிருக்காது. ஃபஸி வரைபடத்தின் பக்கம் நான் சாய்வதற்கு முதல் காரணம் இதுதான்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, பலர் விழுகிறார்கள். பல பேரிடம் வரைபடம் வாங்கி, எல்லா வரைபடங்களின் எடைகளையும் கூட்டிச் சராசரி எடுப்பது இந்தத் துறையில் வழக்கம். துருக்கியில் உலுவாபாத் ஏரியைச் சுற்றி வாழ்கிறவர்கள், அதிகாரிகள், தொண்டு நிறுவனத்தார் ஆகியோரிடம் தனித்தனியே வரைபடம் வாங்கி உய்கர் ஒஸெஸ்மி செய்த வேலை பின்னால் வந்த பலருக்கு முன்மாதிரி ஆனது. அங்கே குழுக்குழுவாகப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்ததுதான் அதன் அருமை. அதை விட்டுவிட்டு எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுச் சராசரி எடுத்தால் என்ன ஆகும்? எங்கள் கண்மாயில் −0.6-ம் 0.6-ம் சேர்ந்து 0 ஆகும். அம்பே காணாமல் போகும். கிணற்று மட்டம் 0.44 என்று வரும். அந்த 0.44 பெரியவர் சொன்ன ஊரும் இல்லை, போர்வெல்காரர் சொன்ன ஊரும் இல்லை. ஊரில் யாருமே சொல்லாத ஒன்றை ஊரின் கருத்து என்று அறிக்கையில் எழுதிவிடுவோம். எடையில் வித்தியாசம் என்றால் சராசரி எடுக்கலாம். குறியில் வித்தியாசம் என்றால் எடுக்கவே கூடாது. அங்கே நின்று பேச வேண்டும்.

இன்னொரு பள்ளம் சிக்மாய்டு. பல ஆய்வுகளில் டான்ஹெச்சுக்குப் பதிலாக 0-வுக்கும் 1-க்கும் இடையே அமுக்கும் சிக்மாய்டு சார்பைப் போடுகிறார்கள். அதற்குள் 0 போனால் 0.5 வெளியே வரும். அதாவது, எந்தக் காரணமும் தொடாத வட்டம்கூட 0.5 என்று காட்டும். புதிதாகப் படிப்பவர் அதைப் பார்த்து 'நடுத்தரமாகக் கூடியிருக்கிறது' என்று எழுதிவிடுவார். சிக்மாய்டு வைத்தால், எதுவும் செய்யாத நிலையை ஒருமுறை ஓட்டி, செய்த நிலையை ஒருமுறை ஓட்டி, இரண்டின் வித்தியாசத்தை மட்டும் படியுங்கள்.

தமிழ்நாட்டில் இந்த முறைக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு. சென்னை ஐஐடியில் கணிதப் பேராசிரியராக இருந்த வசந்தா கந்தசாமி, புலம்பெயர் தொழிலாளர்களிடையே ஹெச்ஐவி பரவுவது போன்ற சமூகக் கேள்விகளுக்கு ஃபஸி காரண வரைபடத்தை எடுத்துச் சென்றார். பெரும்பாலும் −1, 0, 1 என்ற மூன்றே எடைகள் கொண்ட எளிய வடிவம் அது. நோயோடு போராடும் ஒருவரிடம் உட்கார்ந்து "இது 0.6-ஆ 0.7-ஆ" என்று கேட்க முடியாது. என்ன காரணம், எதை நோக்கித் தள்ளியது என்று கேட்கலாம். எடையை நுணுக்கமாக்குவதால் மட்டும் ஆய்வு உயர்ந்துவிடாது என்பதற்கு அந்த எளிமை எனக்கு நல்ல எடுத்துக்காட்டு.

பேய்சியன் நெட்வொர்க்: பதிவேடு இருப்பவர்களுக்கு

1980-களில் ஜூடியா பேர்ல் வளர்த்தெடுத்த முறை. கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது 2011-ம் ஆண்டுக்கு அவருக்குக் கிடைத்தது. இதிலும் வட்டமும் அம்பும்தான், ஆனால் அம்பில் எடை கிடையாது. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு நிகழ்தகவுப் பட்டியல் இருக்கும். 'மழை குறைவு, பாறை நிலம், பக்கத்தில் கண்மாய் இல்லை என்றால் புதுப் போர்வெல் தோற்பதற்கு வாய்ப்பு எவ்வளவு' என்கிற மாதிரி.

இதன் பெரிய பலம், பின்னோக்கியும் யோசிக்கும் என்பது. ஒரு போர்வெல் தோற்றுவிட்டது என்ற செய்தியைக் கொடுத்தால், அதற்கு எந்தக் காரணம் எவ்வளவு சாத்தியம் என்று திருப்பிச் சொல்லும். தெரியாததைத் தெரியாதது என்றே கணக்கில் வைத்துக்கொள்ளும். ஃபஸி வரைபடத்தின் 0.6 நிகழ்தகவு ஆகாது. அதை '60 விழுக்காடு வாய்ப்பு' என்று படிப்பது தவறு. உங்கள் கேள்வி உண்மையிலேயே 'எவ்வளவு வாய்ப்பு' என்பதாக இருந்தால் இங்கேதான் வர வேண்டும்.

ஆனால் இரண்டு விலை கொடுக்க வேண்டும். ஒன்று, அம்புகள் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே சேரக் கூடாது. கண்மாய், போர்வெல், பராமரிப்பு, மறுபடி கண்மாய் என்ற எங்கள் சுற்றை அப்படியே வரைய அனுமதி இல்லை. இந்த வருடம், அடுத்த வருடம் என்று காலத்தைத் துண்டு துண்டாக வெட்டித்தான் வரையலாம். அப்போது படம் பெருகிவிடும். இரண்டாவது, பட்டியல். போர்வெல் தோற்பது நான்கு காரணங்களைப் பொறுத்தது, ஒவ்வொன்றுக்கும் மூன்று நிலை என்று வையுங்கள். 3-ஐ நான்கு முறை பெருக்கினால் 81 நிலவரங்கள். பதிவேடு இருந்தால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் ஒரு மனிதரிடம் 81 கேள்வி கேட்க வேண்டும். பத்தாவது கேள்வியிலேயே அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடுவார், போவதும் நியாயம்தான்.

எங்களிடம் போர்வெல் பதிவேடு இல்லை. அதனால் இதை அப்போதைக்கு ஒதுக்கி வைத்தேன்.

சிஸ்டம் டைனமிக்ஸ்: அளவு கேட்கும்போது

எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரெஸ்டர் 1950-களின் பிற்பகுதியில் தொடங்கியது. ஒரு தொட்டி, உள்ளே வரும் குழாய், வெளியே போகும் குழாய். இருப்பு, வரத்து, போக்கு. அவ்வளவுதான் அடிப்படை. 1972-ல் உலக மக்கள்தொகை, உணவு, வளம், மாசு எல்லாவற்றையும் இணைத்து வளர்ச்சிக்கு எல்லை உண்டா என்று கேட்ட புகழ்பெற்ற மாதிரியும் இந்த வழியில் வந்ததுதான். கண்மாய்க்காரர்களுக்கு இந்த யோசனையைக் கற்றுக்கொடுக்க வேண்டியதே இல்லை. வரத்துக்கால், மடை, கலுங்கு என்று தொட்டியின் குழாய்களுக்கெல்லாம் அவர்களிடம் எப்போதோ பெயர் இருக்கிறது.

இந்த முறை அலகு கேட்கும். கன மீட்டர், நாள், ஹெக்டேர். ஃபஸி வரைபடம் தொடவே முடியாத இடம் இது. கூட்டத்தில் ஒரு இளைஞர் கேட்டார், "அண்ணே, 0.62-ன்னா எத்தனை அடி?" நல்ல கேள்வி. பதில், எத்தனை அடியும் கிடையாது. 0.62 என்பது 0.31-ஐ விடக் கூட என்று மட்டும்தான் அர்த்தம்; இரண்டு மடங்கு அடி என்றுகூட அர்த்தம் இல்லை.

அடிக்கணக்கு வேண்டுமென்றால் இருப்புக் கணக்குப் போட வேண்டும். போட்டேன். நீர்ப்பரப்பு 20 ஹெக்டேர், சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர் என்றால் ஒரு நிறைவுக்கு 3 லட்சம் கன மீட்டர். நெல்லுக்கு ஒரு பருவத்துக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால், 40 ஹெக்டேருக்கு 4.8 லட்சம் கன மீட்டர் வேண்டும். ஆக ஒரு நிறைவு போதாது, ஒன்றரை நிறைவுக்கு மேல் வேண்டும். ஆவியாதல் ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று எடுத்தால் முழுப் பரப்பில் தினம் 1,000 கன மீட்டர் வானத்துக்குப் போகிறது. இப்போது தூர்வாருதலுக்கு வருவோம். பரப்பு முழுவதும் 30 சென்டிமீட்டர் அள்ளினால் 60,000 கன மீட்டர் இடம் கிடைக்கும். அது அதிகப்படியாக 5 ஹெக்டேர் நெல்லுக்கான தண்ணீர், அதுவும் ஆவியாதலைக் கழிக்காமல். அந்த மண்ணை வெளியே கொண்டுபோக, டிப்பருக்கு இரண்டு யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) என்றால், பத்தாயிரம் நடைக்கு மேல் ஆகும்.

அந்தப் பத்தாயிரம் நடை என்ற எண்ணைச் சொன்னதும் கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை. எந்த ஃபஸி வரைபடமும் அந்த அமைதியைக் கொண்டுவந்திருக்க முடியாது. வரத்துக்கால் சரியில்லாமல் கண்மாய் வருடத்துக்கு ஒருமுறைகூட நிறையவில்லை என்றால், தோண்டிக் கூட்டிய 60,000 கன மீட்டர் வெறும் பள்ளம்தான் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

இதன் கஷ்டம், மனிதர்களுக்கு அலகு கிடையாது என்பது. 'ஊர்ப் பராமரிப்பு' எத்தனை கன மீட்டர்? 'நம்பிக்கை' எத்தனை நாள்? போடலாம், ஆட்கணக்கில் ஏதாவது சமன்பாடு எழுதலாம். ஆனால் அந்தச் சமன்பாட்டை எழுதியது நான்தான் என்பது இரண்டு வாரத்தில் மறந்து, கணினி சொல்லிவிட்டது என்று ஆகிவிடும். தண்ணீருக்கு இருப்புக் கணக்கு, மனிதருக்கு ஃபஸி வரைபடம் என்று நான் பிரித்துக்கொண்டது இதனால்தான்.

காலம் விஷயத்திலும் வித்தியாசம் பெரியது. ஃபஸி வரைபடத்தில் ஒரு சுற்று என்பது ஒரு மாதமா ஒரு வருடமா என்று கேட்கக் கூடாது. கண்மாய் நிறைந்தால் கிணறு ஏறச் சில வாரம் ஆகும். பராமரிப்புப் பழக்கம் செத்துப்போகப் பத்து வருடம் ஆகும். வரைபடத்தில் இரண்டும் ஒரே சுற்றில் நடக்கும். தாமதம்தான் உங்கள் பிரச்சினையின் மையம் என்றால், ஃபஸி வரைபடத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

எதை எடுப்பது

என் தீர்ப்பு இது. எண் பதிவு கையில் இல்லை, ஆனால் அந்த அமைப்பை வாழ்ந்து தெரிந்த ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இருக்கிறது, சுற்றிச் சுற்றி வரும் காரணங்கள் இருக்கின்றன என்றால், ஃபஸி வரைபடத்தில் தொடங்குங்கள். செலவு கிட்டத்தட்ட இல்லை, ஒரு வாரத்தில் முடியும், தப்பாக வரைந்தாலும் அழித்துவிட்டுத் திரும்ப வரையலாம். பணத்தை எடுத்து வைக்கும் நேரம் வந்தால், எந்தப் பொருளை அளக்க முடியுமோ அதற்கு மட்டும் இருப்புக் கணக்குப் போடுங்கள். ஐந்தாறு வருடப் பதிவேடு சேர்ந்த பிறகு, 'எவ்வளவு வாய்ப்பு' என்ற கேள்விக்குப் பேய்சியன் பக்கம் போங்கள். குறி மட்டும் போட்ட வரைபடம் முதல் நாள் கூட்டத்துக்கு நல்லது. இரண்டாம் நாள் அதோடு நிற்க வேண்டாம்.

ஃபஸி வரைபடத்தை எடுக்கக் கூடாத இடமும் உண்டு. எடையை எல்லாம் ஒரே ஒரு நிபுணர் ஏசி அறையில் உட்கார்ந்து போடுவதாக இருந்தால் வேண்டாம். அப்போது அது அவர் ஏற்கெனவே எடுத்துவிட்ட முடிவை எண்ணாக மாற்றித் தரும் இயந்திரம் ஆகிவிடும். எந்த அம்பைக் கூட்டினால் தனக்கு வேண்டிய விடை வரும் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். வரைந்தவர்கள் முன்னாலேயே ஓட்டிக் காட்டுவது ஒன்றுதான் இதற்கு எனக்குத் தெரிந்த காவல்.

அப்படி ஓட்டிக் காட்டியபோதுதான் ஏழாவது அம்பின் சண்டை தீர்ந்தது. பெரியவரும் போர்வெல்காரரும் மூன்றாவது முறையாக அதே வார்த்தைகளில் மோதிக்கொண்டிருந்தார்கள். நூறு நாள் வேலைக்கு ஆள் சேர்க்கும் அக்கா ஒருவர் பின்வரிசையிலிருந்து சொன்னார்: "ரெண்டு பேரும் ஒரே விசயத்தப் பேசலயே. இவுக போரு போடுறதச் சொல்றாக. அவுக போட்ட போர ஓட்டுறதச் சொல்றாக."

நான் போட்டிருந்த 'போர்வெல்' என்ற ஒற்றை வட்டம்தான் தப்பு. அதை இரண்டாகப் பிரித்தோம், 'புதுப் போர் போடுவது' என்று ஒன்று, 'இறைப்பு' என்று ஒன்று. கிணறு வற்றினால் புதுப் போர் கூடும், அந்த அம்பு −0.6. கிணற்றில் தண்ணீர் இருந்தால் இறைப்பு கூடும், அந்த அம்பு 0.6. இருவர் சொன்னதும் இப்போது ஒரே படத்தில் உட்கார்ந்தது. புதுப் போரிலிருந்து இறைப்புக்கு 0.5 என்று ஒரு அம்பு சேர்த்தோம். கண்மாய் நிறைந்தால் குறைவதும், கிணற்றை இறக்குவதும் இறைப்பின் பக்கம் போயின. பராமரிப்பைக் கெடுப்பது புதுப் போரின் பக்கம் போனது. திரும்ப ஓட்டினேன். தூர்வாரினால் கிணற்று மட்டம் 0.39, புதுப் போர் −0.23, இறைப்பு −0.09. அதாவது புதிதாகப் போர் போடுவது குறையும், ஆனால் இறைப்பது ஏறக்குறைய அப்படியே இருக்கும்.

உடனே அடுத்த கேள்வி வந்தது. கண்மாயில் தண்ணீர் கிடக்கும் மாதங்களில் போர் ஓட்டுவதைப் பாதியாகக் குறைத்துக்கொள்வோம் என்று ஊர் பேசி வைத்தால்? இறைப்பை −0.5-ல் பிடித்து வைத்து ஓட்டினோம். தூர்வாருதலும் இந்த ஒப்பந்தமும் சேர்ந்தால் கிணற்று மட்டம் 0.59. ஒப்பந்தம் மட்டும், ஒரு ஜேசிபிகூட வராமல், 0.33. தூர்வாருதல் மட்டும் தந்த 0.39-க்கு அது ரொம்பக் கிட்ட. ஆனால் ஒப்பந்தம் மட்டும் என்றால் கண்மாய் நீர் 0.06-தான். கிணறு உள்ளவருக்கு நல்லது, மடைத் தண்ணீரை மட்டுமே நம்பியிருப்பவருக்கு ஒன்றும் இல்லை. இதையும் மறைக்காமல் சார்ட்டில் எழுதினோம், ஏனென்றால் கிணறு இல்லாதவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

கடைசியில் பணம் வரத்துக்காலுக்கும் மடைக்கதவுக்கும் போவது என்று முடிவானது. உள்வாயில் மடையைச் சுற்றி மட்டும் கொஞ்சம் மண் எடுப்பது. இறைப்பு ஒப்பந்தத்தை ஒரு பருவத்துக்குச் சோதனையாக வைத்துப் பார்ப்பது. அதற்கு முன்னால் கிணறுகளின் இன்றைய மட்டம் தெரிய வேண்டும், இல்லையென்றால் அடுத்த வருடமும் 'லேசா', 'நல்லா' என்றுதான் பேசிக்கொண்டிருப்போம். ஆயக்கட்டுக்குள் எட்டுக் கிணறுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மாதம் முதல் தேதி கயிற்றில் கல் கட்டி விட்டு அளந்து, நோட்டில் எழுதுவது அந்த அக்காவின் பொறுப்பு.